ஆறு ஷில்லிங்கில் உடைந்த ரக்பி

2025 ஜூனில் பில்லி பாஸ்டனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தபோது அவருக்கு வயது 90. வேல்ஸ் தேசத்தின் கார்டிஃப் துறைமுகப் பகுதியில் பிறந்தவர். இங்கிலாந்தின் விகன் அணிக்காக மட்டும் 478 ட்ரை எடுத்தவர். (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ட்ரை.) ரக்பி லீக் ஆடியதற்காக ஒருவருக்கு அந்தப் பட்டம் வந்தது அதுதான் முதல் தடவை. ஆட்டம் பிறந்து அப்போது 130 வருஷம் ஆகியிருந்தது. ரக்பி யூனியன் பக்கம் போனால் இயன் மெக்கீக்கன், கிளைவ் உட்வர்டு, கேரத் எட்வர்ட்ஸ், பில் பியூமான்ட் என்று சர்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஒரே பேர் கொண்ட இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே இவ்வளவு பெரிய மேடு பள்ளம் எப்படி வந்தது? தேடிப் போனால் 1890களில் நடந்த ஒரு கூலித் தகராறில் போய் நிற்போம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆட வருகிறவனுக்கு அன்றைய கூலியைக் கொடுக்கலாமா, கூடாதா? கேட்டவர்களே பின்னர் வைத்துக்கொண்ட வரம்பு, ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஆறு ஷில்லிங். (இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு.)

முதலில் எது எது என்று பார்த்துவிடலாம். யூனியனில் ஓர் அணிக்கு 15 பேர். பந்தோடு ஓடுகிறவரைக் கீழே சாய்த்தாலும் ஆட்டம் நிற்காது, அந்த இடத்திலேயே இரு தரப்பும் மேலே விழுந்து பந்துக்கு மல்லுக்கட்டும். லீக்கில் 13 பேர். சாய்க்கப்பட்டவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னால் உருட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். ஆறு முறை சாய்த்தும் கோட்டை எட்டவில்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். உலகக் கோப்பை என்றதும் நாம் டிவியில் பார்க்கும் நியூசிலாந்தின் ஹக்கா நடனம், தென்னாப்பிரிக்காவின் பச்சைச் சட்டை எல்லாம் யூனியன். கண்டி டிரினிட்டி கல்லூரியும் கொழும்பு ராயல் கல்லூரியும் வருஷா வருஷம் பிராட்பி கேடயத்துக்காக மோதுவதும் யூனியன்தான். லீக் என்பது வட இங்கிலாந்தின் சில நகரங்கள், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை, பாப்புவா நியூகினி, தென் பிரான்ஸின் சில ஊர்கள். 1895 வரை இரண்டும் ஒரே ஆட்டம்.

அந்த ஒரே ஆட்டம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படித்த உண்டு உறைவிடப் பள்ளிகளில் வளர்ந்தது. 1871 ஜனவரியில் லண்டனில் ஒரு உணவகத்தில் கூடி ரக்பி ஃபுட்பால் யூனியனை (ஆர்.எஃப்.யூ.) தொடங்கியவர்கள் அந்தப் பள்ளிகளின் பழைய மாணவர்கள்: வக்கீல்கள், டாக்டர்கள், பங்குத் தரகர்கள். ஆனால் ஆட்டம் அவர்கள் கையோடு நிற்கவில்லை. 1877இல் வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் கோப்பை தொடங்கியதும் கம்பளி ஆலையும் நிலக்கரிச் சுரங்கமும் உள்ள ஊர்களில் அது காட்டுத் தீயாகப் பரவியது. ஊருக்கு ஊர் கிளப், பக்கத்து ஊரோடு பகை, டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆயிரக்கணக்கான ஜனம். பத்து வருஷத்துக்குள் இங்கிலாந்தின் பலமான ரக்பி வடக்கில்தான் இருந்தது. கவுண்டி (மாவட்ட) அணிகளுக்கான போட்டி ஆரம்பித்த முதல் எட்டு வருஷத்தில் ஏழு தடவை யார்க்‌ஷயருக்குத்தான் பட்டம், மிச்சம் ஒன்று லங்காஷயருக்கு.

இங்கே சனிக்கிழமைக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்குச் சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடியும். உள்ளூர் ஆட்டம் என்றால் சங்கு ஊதியதும் நேரே மைதானத்துக்கு ஓடிவிடலாம். வெளியூர் ஆட்டம் என்றால் காலையிலேயே ரயில் ஏற வேண்டும், அரை நாள் கூலி போச்சு. கவுண்டி அணிக்கு எடுத்தால் ஒரு நாள். இங்கிலாந்து அணிக்குத் தேர்வாகி டப்ளினுக்கோ எடின்பரோவுக்கோ போனால் இரண்டு மூன்று நாள். எவ்வளவு நன்றாக ஆடுகிறாரோ அவ்வளவு நஷ்டம். அதே அணியில் ஆடும் வக்கீலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவருடைய கேஸ் திங்கட்கிழமையும் அங்கேயே இருக்கும். மைதானத்துக்கு வெளியே ஜனங்கள் கொடுத்த நுழைவுக் கட்டணம் கிளப்பின் பெட்டியை நிரப்பிக்கொண்டிருக்க, ஆடியவர் வீட்டுக்குக் குறைந்த சம்பளத்தோடு போனார். இந்தப் போன கூலியைத்தான் வடக்குக் கிளப்புகள் ஈடுகட்டக் கேட்டன. சம்பளம் கேட்கவில்லை.

ஆர்.எஃப்.யூ. பயந்ததற்குக் காரணம் பக்கத்து மைதானத்தில் இருந்தது. கால்பந்திலும் இதே பிரச்சினை எழுந்து, 1885இல் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) தொழில்முறையைச் சட்டப்படி அனுமதித்துவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற தொழிலாளர் அணி, ஈட்டன் பள்ளிப் பழைய மாணவர் அணியைத் தோற்கடித்திருந்தது. அதன்பின் எந்தக் கனவான்கள் அணியும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. கிரிக்கெட் வேறு வழி கண்டது. காசு வாங்குகிறவரும் வாங்காதவரும் ஒரே அணியில் ஆடலாம், ஆனால் உடை மாற்றும் அறை தனி, மைதானத்துக்குள் வரும் வாசல் தனி, ஸ்கோர் அட்டையில் பெயர் அச்சிடும் முறைகூடத் தனி. ஜென்டில்மென், பிளேயர்ஸ் என்ற அந்தப் பிரிவினை 1962 வரை நீடித்தது. அந்த ஏற்பாட்டில் அசிங்கம் இருந்தது, ஆனால் ஆட்டம் உடையவில்லை. ரக்பி நிர்வாகிகள் இரண்டு வழியையும் ஒதுக்கினார்கள். 1886இல் எந்த விதமான பணமும் கூடாது என்று கறாரான அமெச்சூர் விதியைப் போட்டார்கள்.

விதி போட்டதால் பணம் நின்றுவிடவில்லை. ரயில் செலவு என்ற பெயரில் வந்தது, மதுக்கடை நடத்தும் உரிமையாக வந்தது, வெற்றிக்குப் பின் கைகுலுக்கும்போது உள்ளங்கையில் வந்தது. மாட்டியவர்கள் யார் என்பதில்தான் விஷயம். 1888இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குப் போன முதல் பிரிட்டிஷ் அணியில் ஹாலிஃபாக்ஸ் கிளப்பின் கிளவ்ஸ் என்பவர் இருந்தார். பயணத்துக்கான உடுப்பு வாங்க 15 பவுண்டு பெற்றார் என்று, கப்பல் கரைசேர்வதற்குள் அவரைத் தொழில்முறைக்காரர் என்று அறிவித்துவிட்டார்கள். பூமியின் மறுகோடிவரை போய் ஒரு போட்டியிலும் ஆடாமல் திரும்பினார். மற்றவர்கள் திரும்பி வந்து 'நாங்கள் காசு வாங்கவில்லை' என்று சத்தியம் செய்துகொடுத்தார்கள். நிர்வாகம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த டிக்கி லாக்வுட், டியூஸ்பரியிலிருந்து ஹெக்மண்ட்வைக் கிளப்புக்கு மாறியதும் காசுக்காக மாறினாரா என்று விசாரணை. விடுதலையானார், பின்னர் 1894இல் இங்கிலாந்துக்கே கேப்டனாக இருந்தார்.

யார்க்‌ஷயரில் இந்த வேட்டையை முன்னின்று நடத்தியவர் ஃபிராங்க் மார்ஷல் என்ற பாதிரியார், பள்ளித் தலைமையாசிரியர். கிளப் கிளப்பாகக் குற்றப்பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். 1893இல் அவருடைய சொந்த ஹட்டர்ஸ்ஃபீல்டு கிளப்பே வெளியூர் ஆட்டக்காரர்களை ஆசைகாட்டி இழுத்ததாக மாட்டிக்கொண்டது.

அதே 1893 செப்டம்பரில் விஷயம் லண்டனில் வாக்கெடுப்புக்கு வந்தது. யார்க்‌ஷயர் சார்பில் ஜேம்ஸ் மில்லர் தீர்மானம் கொண்டுவந்தார்: ஆட்டத்துக்காக உண்மையாகவே இழந்த கூலிக்கு மட்டும் ஈடு கொடுக்கலாம். தொழிலாளர்களை ஆட்டத்துக்குள் வரவேற்றுவிட்டு, அவர்கள் மட்டும் கூலியை விட்டுக்கொடுத்து ஆட வேண்டும் என்பது நியாயமா என்பதே அவருடைய வாதம். வடக்கிலிருந்து தனி ரயில்கள் பிடித்து ஆட்கள் வந்தார்கள். தெற்கோ வராதவர்களின் வாக்குகளையும் திரட்டி வைத்திருந்தது. தீர்மானம் 282க்கு 136 என்று தோற்றது. தொடர்ந்து, சந்தேகத்துக்கு ஆளான கிளப்பைத் தள்ளி வைக்கலாம், தான் நிரபராதி என்று நிரூபிப்பது கிளப்பின் பொறுப்பு என்ற தொனியில் விதிகள் இறுகின. லங்காஷயரில் விகன், சால்ஃபோர்டு, லீ போன்ற கிளப்புகள் தண்டிக்கப்பட்டன. அடுத்தது யார் என்று ஒவ்வொரு கிளப்பும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

1895 ஆகஸ்ட் 29, வியாழக்கிழமை மாலை. ஹட்டர்ஸ்ஃபீல்டு ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள ஜார்ஜ் ஓட்டலில் வடக்குக் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடி, ஆர்.எஃப்.யூ.விலிருந்து விலகி நார்தர்ன் யூனியன் அமைப்பதென்று முடிவெடுத்தார்கள். பின்னாளில் ரக்பி லீக் என்று பெயர் மாறியது இதுதான். டியூஸ்பரி மட்டும் யோசித்துச் சொல்கிறோம் என்று பின்வாங்கியது. நாளைக்கு ஆறு ஷில்லிங்குக்கு மேல் கிடையாது, அதுவும் வேலை இழந்ததற்கு மட்டும் என்று அவர்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். இவர்களைப் புரட்சிக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். கூட்டத்தில் இருந்தவர்கள் சிறு முதலாளிகள், கடைக்காரர்கள், கிளப் செயலாளர்கள். 1898இல் வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்க அனுமதித்தபோதுகூட, ஆட்டக்காரருக்கு வேறு ஒரு 'கௌரவமான' வேலை இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பில்லியர்ட்ஸ் மேசையில் எண்ணிக்கை வைப்பது, சாராயக் கடையில் பரிமாறுவது எல்லாம் வேலைக் கணக்கில் சேராது! வேலை போனால் ஆட்டமும் போகும். 1905 வரை இந்தக் கூத்து நடந்தது. பிரிந்து போனவர்களுக்கும் தொழிலாளி மேல் முழு நம்பிக்கை வரவில்லை என்பது இதில் தெரிகிறது.

பிரிவினையால் முதலில் அடிபட்டது ஆர்.எஃப்.யூ.தான். 1893இல் 481 கிளப்புகள் வைத்திருந்த அமைப்பில் 1903இல் எஞ்சியது 244. இங்கிலாந்து அணி 1892க்குப் பிறகு தேசங்களுக்கிடையிலான பட்டத்தைத் தனியாக வெல்ல 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருந்தும் லண்டன் அசையவில்லை. தோற்பது பரவாயில்லை, கையைவிட்டுப் போகக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அமெச்சூர் கொள்கை என்று நாம் நினைப்பது பணத்தைப் பற்றிய கொள்கை அல்ல, ஆட்டம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. அதன்பின் நூறு வருஷம் அந்த விதியை எங்கே இறுக்கினார்கள், எங்கே தளர்த்தினார்கள் என்று பார்த்தால் இது விளங்கும்.

இறுக்கிய இடம் லீக். காசு வாங்கினால் மட்டும் தடை இல்லை. ஒரு பைசா வாங்காமல் லீக் ஆடியிருந்தாலும், லீக் கிளப்பில் கையெழுத்துப் போட்டு ஆடாமலே இருந்தாலும், பயிற்சி ஆட்டம் ஒன்றில் தலைகாட்டியிருந்தாலும் யூனியனில் ஆயுள் தடை. பழைய கிளப்பின் வாசல்கூட மிதிக்க முடியாமல் போனவர்கள் வேல்ஸில் உண்டு. நம் ஊர் ஆட்களுக்கு இதைச் சொல்ல 'தீட்டு' என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. தொட்டாலே ஒட்டிக்கொள்ளும், தலைமுழுகியும் போகாது. 1990களில்கூட, லீக் கிளப் ஒன்றின் தேர்வு ஆட்டத்தில் காசு வாங்காமல் ஆடிப் பார்த்த வாஸ்ப்ஸ் என்ற யூனியன் கிளப்பின் ஆட்டக்காரர் ஒருவரை ஒரு வருஷம் ஒதுக்கி வைத்தார்கள்.

தளர்த்திய இடம் வேல்ஸ். நியூபோர்ட்டின் ஆர்தர் கூல்ட் 1890களின் மாபெரும் நட்சத்திரம். அவர் ஓய்வு பெறும்போது ஊரே ஷில்லிங் ஷில்லிங்காக வசூல் செய்து ஒரு வீட்டை வாங்கிக் கொடுத்தது. உடுப்புக்கான 15 பவுண்டு குற்றம் என்றால் ஒரு வீடு எத்தனை பெரிய குற்றம்? யூனியனின் சர்வதேச வாரியம் கண்டித்தது, வேல்ஸ் வாரியத்தை விட்டே வெளியேறியது. அப்போது ஆர்.எஃப்.யூ.வுக்கு ஞானோதயம் வந்தது. சுரங்கத் தொழிலாளர்களால் நிறைந்த வேல்ஸ் அப்படியே நார்தர்ன் யூனியன் பக்கம் சாய்ந்துவிட்டால் என்ன ஆவது? 1897இல் 'அசாதாரணச் சூழல்' என்று சொல்லி கூல்டை விட்டுவிட்டார்கள்.

லீக் தனி ஆட்டமாக உருமாறியதும் பணத்தால்தான். டிக்கெட் வாங்கியவன் சகதியில் புரளும் குவியலைப் பார்க்க வரவில்லை. 1897இல் லைன்-அவுட்டை (வெளியே போன பந்தை இரு வரிசை ஆட்களுக்கு நடுவே எறியும் முறையை) எடுத்தார்கள். 1906இல் ஆட்களை 13ஆகக் குறைத்து, சாய்ந்தவர் எழுந்து பந்தை உருட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். யூனியனோ நேர் எதிர்த் திசையில் போனது. தரவரிசைப் பட்டியல், புள்ளிகள், கோப்பை இதெல்லாம் இருந்தால் போட்டி கடுமையாகும், போட்டி கடுமையானால் பணம் வரும் என்ற பயத்தில் இங்கிலாந்து யூனியன் கிளப்புகளுக்குத் தேசிய அளவிலான தொடர்போட்டி முறையே 1987 வரை கிடையாது. பார்வையாளரை ஏறக்குறைய ஒரு தொந்தரவாகவே நினைத்தது அந்த நிர்வாகம்.

பிளவு கடல் கடந்தது 1907இல். அதற்கு முந்தைய சுற்றுப்பயணத்தில், 1905–06இல், நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் 35 ஆட்டங்களில் 34ஐ வென்று, யூனியன் கஜானாவில் ஆயிரக்கணக்கான பவுண்டைச் சேர்த்துவிட்டு வந்திருந்தது. ஆடியவர்களுக்கு நாளைக்கு மூன்று ஷில்லிங் படி. வெலிங்டனில் தபால் குமாஸ்தாவாக இருந்த ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற இளைஞர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாமே ஒரு அணி கட்டி நார்தர்ன் யூனியனோடு ஆடப் போனால் லாபத்தை நாமே பங்கிடலாமே! போனார்கள். அவர்கள் அனைவருக்கும் தாய்நாட்டில் ஆயுள் தடை. பாஸ்கர்வில் திரும்பும் வழியில் பிரிஸ்பேனில் நிமோனியாவால் இறந்தார், வயது 25.

சிட்னியில் அதே வருஷம் நடந்தது கிரிக்கெட் பிரியர்களுக்குச் சுவாரஸ்யமானது. அலெக்ஸ் பர்டன் என்ற ஆட்டக்காரர் காயம்பட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். நியூ சவுத் வேல்ஸ் யூனியன் சல்லிக்காசு தரவில்லை. அந்த சீசனில்தான் நியூசிலாந்துக்கு எதிரான ஓர் ஆட்டத்தை சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கிப் பார்த்திருந்தார்கள். குமுறியவர்கள் கூடிப் பேசிய இடம் விக்டர் டிரம்பரின் விளையாட்டுப் பொருள் கடை. ஆமாம், பேட்டிங்கின் அழகுக்கு இன்றுவரை உதாரணம் காட்டப்படுகிற அதே டிரம்பர். கிரிக்கெட் வாரியத்தோடு அவருக்கும் உரசல் இருந்தது. ஜேம்ஸ் கில்டினன் என்ற வியாபாரியோடு சேர்ந்து 1907 ஆகஸ்டில் அவர் நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக்கைத் தொடங்கிவைத்தார், பொருளாளராகவும் இருந்தார். கூட்டத்தை இழுக்கும் நட்சத்திரம் டாலி மெசஞ்சரை வளைத்ததும் பாதி வேலை முடிந்தது. 1908இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆஸ்திரேலிய யூனியன் அணியில் பலர் அடுத்த வருஷமே லீக்குக்குத் தாவினார்கள். சிட்னியில் போன பிடியை யூனியனால் இன்றுவரை மீட்க முடியவில்லை.

பிரான்ஸில் கதை இருண்டது. அங்கே யூனியன் கிளப்புகள் ஆட்டக்காரருக்குக் காசு கொடுப்பதும் மைதானத்தில் அடிதடி நடப்பதும் ஊரறிந்த விஷயம். 1931இல் பிரிட்டிஷ் தீவின் யூனியன்கள் பிரான்ஸோடு ஆடுவதையே நிறுத்தின. அந்த இடைவெளியில் 1934இல் லீக் நுழைந்து, 1939க்குள் இருநூறுக்கும் மேற்பட்ட கிளப்புகளாக வளர்ந்தது. பிறகு போர், ஜெர்மனியிடம் தோல்வி, அந்த ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசு. தொழில்முறை விளையாட்டு தேசத்தின் ஒழுக்கத்தைக் கெடுத்தது என்ற முழக்கத்தோடு வந்தவர்கள் 1941 டிசம்பரில் ரக்பி லீக் அமைப்பைக் கலைத்து ஆணை போட்டார்கள், சொத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். ஒரு விளையாட்டின் நிர்வாகப் போட்டியில் சர்வாதிகார அரசு ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கத்தை இல்லாமல் ஆக்கியது. போர் முடிந்து லீக் உயிர்த்தெழுந்தாலும் பறித்தது திரும்பவில்லை. 'ரக்பி' என்ற பெயரைக்கூட 1990கள் வரை பயன்படுத்த முடியாமல் 'பதின்மூவர் ஆட்டம்' என்று போர்டு மாட்டிக்கொண்டார்கள். அந்த நிலையிலும் 1951இல் ஆஸ்திரேலியா போய்த் தொடரை வென்று வந்தார்கள். அந்த அணியின் நாயகன் புய்க்-ஓபேர் ஆட்டத்தின் நடுவே ரசிகரிடம் சிகரெட் வாங்கிப் புகைக்கும் ரகம்.

வேல்ஸுக்குத் திரும்புவோம். 1920களில் நிலக்கரித் தொழில் படுத்தபோது 'வடக்கே போவது' அங்கே ஒரு பிழைப்பு வழியானது. விகனிலிருந்தும் சால்ஃபோர்டிலிருந்தும் ஆள்பிடிக்க வருகிறவர்கள் பெயரை மறைத்துக்கொண்டு வருவார்கள், ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தால் உதை விழும். 1921இல் ஜிம் சல்லிவன் விகனுக்குப் போனபோது வயது 17. பாஸ்டனுக்கு 1953இல் வலை விரித்தார்கள். விகன் இயக்குநர்கள் கார்டிஃப் வீட்டுக்கு வந்து மேசைமேல் நோட்டுகளை அடுக்கினார்களாம். ஆயிரம் பவுண்டு, அப்புறம் ஆயிரத்து ஐநூறு. பையனை அனுப்ப மனமில்லாத அம்மா, எப்படியும் ஓடிவிடுவார்கள் என்று நினைத்து, "இதை இரண்டு மடங்காக்குங்கள், கையெழுத்துப் போடுவான்" என்ற அர்த்தத்தில் சொல்லிவைக்க, அவர்கள் சட்டென்று மூவாயிரத்துக்குச் சம்மதித்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் பலமுறை சொன்ன கதை இது. பாஸ்டனின் அப்பா சியரா லியோனிலிருந்து வந்தவர். வேல்ஸ் யூனியன் அணிக்கு ஆடுவதுதான் தன் கனவு என்று பாஸ்டன் பலமுறை சொல்லியிருக்கிறார். 1980கள் வரை அந்த அணியில் ஒரு கறுப்பர்கூட ஆடியதில்லை. அதே கார்டிஃபிலிருந்து வடக்கே போன இன்னொரு கறுப்பர் கிளைவ் சல்லிவன், 1972இல் பிரிட்டன் லீக் அணிக்குத் தலைமை தாங்கி உலகக் கோப்பையை வாங்கித் தந்தார். லீக் அவர்களுக்குக் கூலி கொடுத்தது மட்டுமில்லை, கதவையும் திறந்தது.

இத்தனை தீட்டும் போர் வந்தால் பறந்துவிடும் என்பதுதான் வேடிக்கை. இரண்டாம் உலகப்போரில் சீருடை போட்ட லீக்காரர்கள் யூனியன் ஆடலாம் என்று ஆர்.எஃப்.யூ. விட்டுக்கொடுத்தது. 1943இல் லீட்ஸ் நகரத்தில் ராணுவத்தின் லீக்காரர்களும் யூனியன்காரர்களும் யூனியன் விதிப்படி மோதினார்கள். லீக் 18–11. அடுத்த வருஷம் பிராட்ஃபோர்டில், மறுபடி யூனியன் விதிப்படி, லீக் 15–10. சண்டை முடிந்ததும் தடை மறுபடி அமலுக்கு வந்தது. சேர்ந்து சாகலாம், சேர்ந்து ஆடக் கூடாது.

இந்தக் காலம் முழுக்க 'தொழில்முறை' ஆட்டக்காரர் என்பவர் வாரம் பூராவும் சுரங்கத்திலோ ஆலையிலோ உழைத்துவிட்டு வார இறுதியில் ஆடியவர். ஜெயித்தால் ஒரு தொகை, தோற்றால் குறைவு. முழுநேரச் சம்பளத்துக்கு ஆடும் அணி 1980களின் கடைசியில் விகனில்தான் உருவானது. 'அமெச்சூர்' என்பவருக்கோ ஆட்டத்தின் பெயரால் லண்டன் நிறுவனங்களில் நல்ல உத்தியோகம், பூட்ஸ் கம்பெனி ஷூவுக்குள் வைத்துத் தரும் நோட்டு, இத்தாலியிலோ பிரான்ஸிலோ 'விருந்தாளியாக' ஒரு சீசன். இதையெல்லாம் கண்டுகொள்ளாத நிர்வாகம் 1982இல் இங்கிலாந்து கேப்டன் பில் பியூமான்ட்டைத் தொழில்முறைக்காரர் என்று முத்திரை குத்தியது. ஓய்வுபெற்றபின் அவர் எழுதிய சுயசரிதையின் ராயல்டியைத் தானே வைத்துக்கொண்டார், அவ்வளவுதான் குற்றம். பயிற்சி கொடுக்கவும் நிர்வாகத்தில் இருக்கவும் தகுதி இழந்தார். பிறகு காலம் மாறி, 2016இல் யூனியனின் உலக அமைப்புக்குத் தலைவராகவே உட்கார்ந்தார்.

காலத்தை மாற்றியது நியாய உணர்வு என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மாற்றியது டிவி. 1987இல் உலகக் கோப்பை வந்ததும் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் வேலையை விட்டுவிட்டு ஆட வேண்டியிருந்தது. பழைய சனிக்கிழமைக் கணக்கு இப்போது வக்கீலுக்கும் வந்து சேர்ந்தது. 1995 மே மாதம் இங்கிலாந்து கேப்டன் வில் கார்லிங், ஆட்டத்தை 57 கிழங்கள் சேர்ந்து நடத்துவதாக டிவியில் வாய்விட்டு, பதவி இழந்து, சக வீரர்கள் யாரும் அந்த நாற்காலியில் உட்கார மறுத்ததால் சில நாளில் திரும்பப் பெற்றார். அதே சமயம் ஆஸ்திரேலியாவில் டிவி முதலாளிகளான ரூபர்ட் மர்டாக்கும் கெர்ரி பேக்கரும் ரக்பி லீக்கை யார் கையில் வைப்பது என்று கோடிக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் லீக்குக்கு மர்டாக் 8.7 கோடி பவுண்டு நீட்டினார். யூனியன் நட்சத்திரங்களை லீக் அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பீதியில், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்றும் மர்டாக்கோடு பத்து வருஷத்துக்கு சுமார் 55 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டன. அறிவித்தது உலகக் கோப்பை இறுதிக்கு முந்தைய நாள். இன்னொரு பக்கம் பேக்கர் பணத்தோடு ஒரு தனிக் குழு, உலகின் முன்னணி யூனியன் ஆட்டக்காரர்களிடம் ரகசியமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. கூடாரமே காலியாகும் நிலை. 1995 ஆகஸ்ட் கடைசியில், வெர்னன் பியூ தலைமையில் பாரிஸில் கூடிய சர்வதேச வாரியம் யூனியன் இனி 'திறந்த' ஆட்டம், காசு வாங்கி ஆடலாம் என்று அறிவித்தது. ஜார்ஜ் ஓட்டல் கூட்டத்துக்கு நூறு வருஷம் நிறைய இரண்டு மூன்று நாள்தான் பாக்கி.

தடை நீங்கியதும் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் அளந்து பார்த்தன. 1996 மே மாதம் லீக்கின் விகனும் யூனியனின் பாத் அணியும் இரண்டு முறை மோதின. லீக் விதிப்படி விகன் 82–6. யூனியன் விதிப்படி பாத் 44–19. நூறு வருஷத்தில் இரண்டும் எவ்வளவு தூரம் பிரிந்துபோயின என்பதற்கு இந்த ஸ்கோர்களே போதும். ஆனால் அந்த மாதமே ட்விக்கன்ஹாம் மைதானத்தில், யூனியனின் கோட்டையில், அணிக்கு ஏழு பேர் ஆடும் மிடில்செக்ஸ் செவன்ஸ் கோப்பையையும் விகன் தூக்கிக்கொண்டு போனது. உடல்வலு, வேகம், தடுப்பாட்ட ஒழுங்கு மூன்றிலும் லீக் முன்னே போயிருந்தது. யூனியன் அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. 2003இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது தடுப்பாட்டப் பயிற்சியாளர் லீக்கிலிருந்து வந்த ஃபில் லார்டர், இறுதியில் இங்கிலாந்து எடுத்த ஒரே ட்ரை விகன் லீக் அணியில் வளர்ந்த ஜேசன் ராபின்சனுடையது.

ஆறு ஷில்லிங் கொடுத்தால் ஆட்டம் கெடும் என்று சொன்னவர்களின் வாரிசுகள் இப்போது கொடுக்கும் சம்பளத்தில் கிளப்புகளே மூழ்குகின்றன. 2022இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ், 2023இல் லண்டன் ஐரிஷ் என்று இங்கிலாந்தின் முதல்நிலை யூனியன் கிளப்புகள் அடுத்தடுத்து திவாலாகி வெளியேறின. ஒரு விதத்தில் பழைய கனவான்கள் பயந்தது பலித்துவிட்டது என்று வாதிடலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. லீக் கிளப்புகள் சின்ன வருமானத்தில் சிக்கனமாகச் சம்பளம் கொடுக்க நூறு வருஷம் பழகியவை. யூனியன் அதை ஒரே ராத்திரியில் கற்க நேர்ந்தது, அதுவும் பணக்கார உரிமையாளர்களின் ஏலப் போட்டிக்கு நடுவில்.

இப்போது ஆள்பிடிப்பது எதிர்த் திசையில். சிட்னி லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ஜோசப் சுவாலியை ஆஸ்திரேலிய யூனியன் பெருந்தொகை கொடுத்து இழுத்து 2024இல் தேசிய அணியில் இறக்கியது. அடுத்த ஜூலையில் பிரிஸ்பேனில் பிரிட்டன், அயர்லாந்து யூனியன் ஆட்டக்காரர்களின் கூட்டணியான பிரிட்டிஷ் லயன்ஸ் அணிக்கு எதிராக அவர் ஆடியபோது, லயன்ஸின் பயிற்சியாளர் பெட்டியில் இருந்தவர் ஆண்டி ஃபாரல். விகன்காரர், பதினாறு வயதில் லீக்கில் தொடங்கியவர், 2005இல்தான் யூனியனுக்கு மாறியவர். லயன்ஸ் அந்தத் தொடரை 2–1 என்று வென்றது.